சஸ்பென்ஸை உடைப்பதற்குக் காலக்கெடு உண்டா?

புதிய பறவை, சைக்கோ, வெர்டிகோ, பிளானட் ஆஃப் தி ஏப்ஸ், ஸ்டார் வார்ஸ் வரிசையில் இரண்டாவதாக வந்த படம் ஆகியவற்றின் முடிவுகளும் திருப்பங்களும் இந்தக் கட்டுரையில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இவற்றில் எதையேனும் இன்னும் பார்க்காதவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளியான படத்துக்கெல்லாம் இப்படி ஓர் எச்சரிக்கை தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விதான் இங்கே பேசப்படும் பொருள்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் புதிய பறவை போட்டார்கள். கப்பலில் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் பேசிப் பழகத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த என் அத்தை, நார் கையிலிருந்து நழுவாமல், தலையையும் நிமிர்த்தாமல், "இவ யாருன்னு நெனச்சே? போலீஸ்காரிடா. இவனப் பிடிக்கத்தான் வந்திருக்கா" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தான் ரசித்ததை அண்ணன் மகனும் ரசிக்கட்டும் என்ற ஆசையில் சொன்னதுதான். அன்று படத்தை முழுவதும் பார்த்தேன், பிடித்தும் இருந்தது. அதற்குப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை ஒன்றும் அறியாமல் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று எதை இழந்தேன் என்பது பெரியவனான பிறகுதான் தெளிவாகப் புரிந்தது. 1964-இல் தாதா மிராசி இயக்கத்தில் வெளிவந்த அந்தப் படத்தில், தன் முதல் மனைவி சித்ரா ரயில் முன் விழுந்து இறந்துவிட்டாள் என்று கோபால் (சிவாஜி) லதாவிடம் (சரோஜாதேவி) சொல்கிறான். அவன் சொல்வதைத் திரையில் கண்ணால் பார்க்கிறோம், ஆகவே நம்புகிறோம். பிறகு, இறந்ததாகச் சொல்லப்பட்ட சித்ராவே உயிரோடு வந்து நிற்கிறாள். இவள் என் மனைவி இல்லை என்று கோபால் கதறுகிறான், யாரும் கேட்பதாயில்லை. முதல்முறை பார்ப்பவர் இந்த இடத்தில் முழுக்க முழுக்கக் கோபாலின் பக்கம் நிற்கிறார். எங்கே நிம்மதி என்ற பாடல், அநியாயமாக மாட்டிக்கொண்ட ஒருவனின் புலம்பலாகவே அவர் காதில் விழுகிறது. வந்தவள் போலி என்பதை நிரூபிக்க வேறு வழியே இல்லாத நிலையில்தான், தான் அறைந்ததில் சித்ரா இறந்துபோனதையும், உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலைபோல் காட்டியதையும் கோபால் தன் வாயாலேயே சொல்கிறான். லதா காவல்துறையைச் சேர்ந்தவள் என்பதும், சித்ராவாக வந்தவள் அவனைப் பேசவைக்க அனுப்பப்பட்டவள் என்பதும் அப்போது தெரியவருகின்றன. இவ்வளவு நேரம் நாம் பரிதாபப்பட்டது ஒரு குற்றவாளிக்காக என்ற உணர்வும், அப்படியும் அந்தப் பரிதாபம் முற்றிலும் வற்றிவிடவில்லை என்ற உணர்வும் ஒருசேர வந்து தாக்குகின்றன. படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பொறுமையாகக் கட்டி எழுப்பியது இந்த ஒரு கணத்தைத்தான்.

இரண்டாம் முறை பார்க்கும்போது வேறொரு படம் கிடைக்கிறது. ரயிலைக் கண்டதும் கோபாலின் முகம் வெளிறும்போது, அது துக்கமில்லை, பயம் என்று தெரிகிறது. லதாவின் ஒவ்வொரு புன்னகையிலும் வேலை எது, காதல் எது என்று தேடத் தொடங்குகிறோம். அதே எங்கே நிம்மதி இப்போது குற்ற உணர்ச்சியின் குரலாகக் கேட்கிறது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது படம் முதலாவதைவிட ஆழமானது. நல்ல படத்தை யாராலும் கெடுக்க முடியாது, முடிவு தெரிந்தால் என்ன என்று வாதிடுபவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது படத்தை வாழ்நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், முதல் படத்தை ஒரே ஒருமுறைதான் பார்க்க முடியும். அதுவும் முதலில் பார்த்தால்தான் உண்டு. கோபாலை நம்பி ஏமாந்த ஒருவருக்கு, அடுத்த முறை அதே பாடலைக் கேட்கும்போது தான் ஏமாந்ததும் சேர்ந்து நினைவுக்கு வரும். என் அத்தை சொன்னதால் எனக்கு முதல் படம் இல்லாமல் போனதோடு, இரண்டாவது படத்துக்குள் இருக்கவேண்டிய அந்த நினைவும் இல்லாமல் போயிற்று.

திரைப்படத்தின் முடிவைக் காப்பாற்றவேண்டும் என்ற கவலை இணைய காலத்துக்கு மிகவும் முந்தியது. 1955-இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமான லே தியபோலிக்கின் இறுதியில், இதைப் பார்க்கப்போகும் நண்பர்களின் ஆர்வத்தைக் கெடுத்துவிடாதீர்கள், நீங்கள் பார்த்ததை அவர்களிடம் சொல்லாதீர்கள் என்று இயக்குநர் குளூசோ எழுத்திலேயே கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அகதா கிறிஸ்டியின் கதையைப் பில்லி வைல்டர் படமாக்கியபோது, படம் முடிந்ததும் ஒரு குரல் அதே வேண்டுகோளை விடுத்தது. 1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சைக்கோவுக்காகச் செய்தது இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. ராபர்ட் பிளாக் எழுதிய நாவலின் உரிமையை, வாங்குவது யார் என்று எழுதியவருக்கே தெரியாமல், பத்தாயிரம் டாலருக்கும் குறைவான தொகைக்கு வாங்கினார். விமர்சகர்களுக்கு முன்கூட்டிய காட்சிகள் தரப்படவில்லை. படம் தொடங்கிய பின் எவரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. எந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து, பாதியிலிருந்து பார்த்து, அடுத்த காட்சியில் விட்ட பகுதியைப் பார்த்துவிட்டு எழுந்துபோகும் பழக்கம் அமெரிக்காவில் பரவலாக இருந்த காலம் அது. தாமதமாக வந்தவர், சுவரொட்டியில் பெரிதாக இருந்த ஜேனட் லீ எங்கே என்று தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்பதுதான் ஹிட்ச்காக்கின் கவலை. கதாநாயகியைப் படத்தின் பாதிக்கு முன்பே குளியலறையில் கொன்றுவிடுகிறார் அல்லவா?

இன்று அந்தக் குளியலறைக் கொலையை அறியாதவர் அரிது. படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட, கீறுவதுபோன்ற அந்த வயலின் ஒலி தெரியும். இனி அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று தோன்றுவது இயல்பு. குறைவது அந்த அதிர்ச்சி மட்டும் என்றால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் கொலைக்கு முந்தைய பகுதியைக் கவனித்துப் பாருங்கள். ஃபீனிக்ஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மேரியன், வங்கியில் கட்டச் சொல்லித் தந்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காரில் கிளம்புகிறாள். வழியில் ஒரு காவலர் சந்தேகப்படுகிறார். அவசர அவசரமாகக் காரை மாற்றுகிறாள். மழையில் வழி தப்பி ஒரு விடுதியில் தங்குகிறாள். விடுதியை நடத்தும் நார்மனோடு பேசிய பின் மனம் மாறி, திரும்பிப் போவது என்று முடிவெடுக்கிறாள். செலவழித்தது போக எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள். அதன் பிறகே குளிக்கப் போகிறாள். 1960-இல் பார்த்தவருக்கு இவள் அகப்படுவாளா, பணத்தைத் திருப்பித் தருவாளா என்பதுதான் கதை. அவர் அந்தப் பணத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார். கொலைக்குப் பிறகு, செய்தித்தாளில் சுற்றியிருந்த அந்தப் பணத்தை, அது என்னவென்றே தெரியாமல் நார்மன் காரின் பின்பெட்டியில் எறிந்து, காரைச் சதுப்பில் மூழ்கடிக்கும்போது, இத்தனை நேரம் கதையாக இருந்தது முழுவதும் கண்ணெதிரே மூழ்குகிறது. கொலை வரப்போகிறது என்று தெரிந்து உட்காருபவருக்கோ, அந்த முக்கால் மணி நேரம் வெறும் காத்திருப்பாக மாறிவிடுகிறது. அவர் பணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஊரெல்லாம் தெரிந்துபோன திருப்பம், தான் நிகழும் இடத்தை மட்டும் பாதிப்பதில்லை, தனக்கு முன்னால் இருப்பவற்றை இப்படி அரித்துவிடுகிறது.

அந்தப் படத்தின் இன்னொரு இரகசியமான, நார்மனின் அம்மாவின் விஷயம் வேறு வகை. பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த அறையில் உட்கார்ந்து பேசும்போது, தன் அம்மா இந்தப் பறவைகளைப்போல யாருக்கும் தீங்கு செய்யாதவள் என்கிறான் நார்மன். அம்மாவின் உடலையும் அவன் அப்படித்தான் வைத்திருக்கிறான் என்று அறிந்தவருக்குத்தான் அந்த வார்த்தை முதுகுத்தண்டில் இறங்கும். ஒரே படத்தில் ஒரு திருப்பம், அறியாதவருக்கே முழுப் பயனையும் தருகிறது. இன்னொன்று, அறிந்தவருக்கும் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறது.

ஹிட்ச்காக் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது சில நொடி அதிர்ச்சி கிடைக்கும். தெரிந்திருந்தால் பல நிமிடப் பதைப்பு கிடைக்கும் என்று அவர் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் விளக்கியது திரைப்பட மாணவர்களுக்கெல்லாம் பாடம். சைக்கோவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1958-இல் எடுத்த வெர்டிகோவில் அதைச் செய்தும் காட்டினார். அந்தப் படத்துக்கு மூலமான பிரெஞ்சு நாவல், கதாநாயகன் பின்னர் சந்திக்கும் பெண்ணும் இறந்துபோனதாக நம்பப்பட்ட பெண்ணும் ஒருவரே என்பதைக் கடைசிவரை மறைத்துவைக்கிறது. ஹிட்ச்காக்கோ, படத்தில் ஜூடி என்ற பெயரில் வரும் அந்தப் பெண் ஒரு கடிதம் எழுதிக் கிழிக்கும் காட்சியில், கதாநாயகன் அறியும் முன்பே நமக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு, அவன் எப்போது கண்டுபிடிப்பான், கண்டுபிடித்தால் அவளை என்ன செய்வான் என்ற பதற்றத்தில் படம் நகர்கிறது. திருப்பத்தை முன்கூட்டிச் சொல்வதால் படம் கெடாது என்பதற்கு வெர்டிகோவைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே சொன்னவர் இயக்குநர் என்பதை அவர்கள் கவனிக்கவேண்டும். எந்த நிமிடத்தில் சொல்லவேண்டும், அதற்கு முன் நாம் எவ்வளவு தூரம் ஏமாந்திருக்கவேண்டும் என்று அளந்து சொன்னார். படம் தொடங்கும் முன்பே வேறொருவர் அதைச் சொல்லிவிட்டால், அந்த அளவு முழுவதும் வீணாகிறது.

முடிவைத் தெரிந்துகொண்டே கதை கேட்பது தமிழர்களுக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகம், கோவலன் கொல்லப்படுவதையும் மதுரை எரிவதையும் நூல் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. கர்ண மோட்சம் என்று தெருக்கூத்துக்குப் பெயர் வைக்கும்போதே கர்ணன் சாகப்போகிறான் என்பதை அறிவித்துவிடுகிறார்கள். ஆனாலும் ஊர் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. கர்ணன் போருக்கு விடைபெறும் இடத்தில் இந்த ஆண்டு எப்படிப் பாடுகிறார்கள், எப்படி அடவு பிடிக்கிறார்கள் என்று காத்திருக்கும் கிழவிகளின் கண்கள் தானாக நிறைகின்றன. இதை வைத்து, நம் மரபில் ஸ்பாய்லர் என்ற கவலையே கிடையாது, அது மேற்கிலிருந்து வந்த நோய் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஊரே அறிந்த கதையாக இருப்பதை நம்பியே கூத்து கட்டப்படுகிறது. துப்பறியும் கதையோ, யாரும் அறியாததை நம்பிக் கட்டப்படுகிறது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கதைச் சுருக்கத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டே வந்து, சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். எதுவரை சொல்லலாம் என்ற கணக்கு அந்த நாலணாப் புத்தகத்தை அச்சிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் நடக்கிறது. மறைவை நம்பிக் கட்டப்பட்ட சில படங்கள், காலப்போக்கில் எல்லோருக்கும் தெரிந்து தெரிந்து, கூத்தின் பக்கமே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், வில்லன் டார்த் வேடர்தான் நாயகனின் தந்தை என்பது படப்பிடிப்பிலேயே மறைத்துவைக்கப்பட்டது. வேறொரு பொய் வசனம் பேசப்பட்டது. உண்மையான வரி பின்னர் குரல் சேர்க்கையில் இணைக்கப்பட்டது. நாயகனாக நடித்த மார்க் ஹேமிலிடம் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்புதான் சொன்னார்கள். இன்று அந்த உறவு உலகம் முழுவதும் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. படைத்தவர்களே 1999 முதல் 2005 வரை வெளியிட்ட முன்கதைப் படங்களால், வரிசை எண் பார்த்துப் பார்க்கிற சிறுவனுக்கு அது மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1968-இல் வந்த பிளானட் ஆஃப் தி ஏப்ஸின் இறுதிக் காட்சியில் மண்ணில் புதைந்து தெரியும் சுதந்திர தேவி சிலையை, வீடியோ விற்றவர்கள் உறையிலேயே அச்சிட்டார்கள். இப்படிப்பட்டவற்றை இன்னும் இரகசியமாகக் காக்கச் சொல்வது நடவாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழமொழிபோல் புழங்கும் ஒன்றை ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னால் அவர்மேல் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் அப்படி ஊர்ச்சொத்தாகிவிட்ட திருப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நமக்கும் நம் நண்பர்களுக்கும் தெரிந்த ஒவ்வொன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

ஆய்வுகளும் பேசியிருக்கின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, 12 சிறுகதைகளைப் படித்தவர்களில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள்தாம் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். ஸ்பாய்லரால் எதுவும் கெடுவதில்லை என்பவர்கள் அன்றிலிருந்து இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் சிறுகதைகளைக்கொண்டு செய்த ஆய்வில், முடிவை அறியாமல் படித்தவர்களே கூடுதலாக ஒன்றிப் படித்தார்கள் என்று கிடைத்தது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும், யாரோ தேர்ந்தெடுத்துத் தந்த சில பக்கக் கதையைப் படிப்பதற்கும், ஒரு படத்தை இன்றாவது பார்த்துவிடவேண்டும் என்று பல மாதம் நினைத்திருந்து, விளக்கை அணைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் உட்காருவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

படம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எதையும் சொல்லலாம் என்று ஒரு கெடு வைக்கச் சொல்பவர்களுக்கு, லண்டனில் 1952 முதல் நடந்துவரும் தி மவுஸ்ட்ராப் நாடகத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது. எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று நாடக முடிவில் நடிகர்கள் அவையோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாடகம் லண்டனில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைத் திரைப்படமாக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நாடகத்துக்கு வயதாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு மாலையும் அந்த இருக்கைகளில் புதிய ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். பழைய படங்களுக்கும் இதே நிலைதான். இந்த ஆண்டு பதினைந்து வயதாகும் ஒரு பெண் புதிய பறவையை இனிமேல்தான் பார்க்கப்போகிறாள். அவள் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த படத்தை நீ ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று அவளிடம் கேட்பதில் நியாயம் எதுவும் இல்லை.

இதற்காக எழுதுபவர்கள் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டியதில்லை. வெர்டிகோவின் கடைசிப் பகுதியைத் தொடாமல் வெர்டிகோவைப் பற்றி உருப்படியாக எதையும் எழுத முடியாது. புதிய பறவையில் சிவாஜியின் நடிப்பு ஏன் பெரிது என்பதை, அவர் குற்றவாளி என்று சொல்லாமல் விளக்கவே முடியாது. தேடி வந்து படிப்பவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதல் பத்தியில் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு எழுதுபவருக்கு முழு உரிமை உண்டு. தலைப்பிலும், கண்ணில் தானாக வந்து விழும் படத்திலும், வேறு எதையோ பேசும்போது போகிறபோக்கில் வரும் உவமையிலும் முடிவைப் போட்டு உடைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். கேட்பவருக்குக் காதை மூடிக்கொள்ள ஒரு நொடிகூடத் தராமல் சொல்வது அது. முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பயங்கரக் காட்சிகளைத் தாங்க முடியாதவர்கள், வீட்டில் துக்கம் நடந்திருக்கும்போது படத்தில் யாரும் சாகிறார்களா என்று கேட்டுக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. அவர்கள் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக, இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒரு படம். எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954-இல் வந்த அந்த நாள். பாடல்களே இல்லாத தமிழ்ப்படம் என்று பொது அறிவுப் புத்தகங்களில்கூட இடம்பெற்றுவிட்டதால் அதன் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் நான் கேட்டுப்பார்த்தவரை, அந்த ஒரு செய்தியைச் சொல்லும் பலரும் படத்தைப் பார்த்ததில்லை. 1943-இல் ஜப்பானியக் குண்டு சென்னையில் விழுந்த நாட்களை ஒட்டிய கதை அது. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, சிவாஜி கணேசன் நடித்த ராஜன் சரிந்து விழுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனின் மனைவி, அவனோடு பழகிய நாட்டியக்காரி என்று ஒவ்வொருவர்மேலும் சந்தேகம் போய்ப் போய்த் திரும்புகிறது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன, சுட்டது யார் என்று எழுதினால் என்னை யாரும் தடுக்கப்போவதில்லை. போன மாதம் என் தங்கை மகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் என் பக்கம் திரும்பி, "மாமா, தம்பிதானே?" என்றாள். பாரு என்று மட்டும் சொல்லிவிட்டு, என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.